உள்ளே நான், வெளியே அவர்

நான் குளியலறையில் விழுந்தபோது எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. கட்டின நாளிலிருந்து அப்படித்தான் இருந்தது, யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

முக்காலியில் உட்கார்ந்து குளித்து முடித்துச் சட்டென்று எழுந்து தாழ்ப்பாளை நீக்கினேன். தலை சுற்றியது. பிடித்துக்கொள்ள வாளிதான் கைக்குக் கிடைத்தது, அதுவும் என்னோடு சேர்ந்து சாய்ந்தது. இடது கை உடம்புக்கடியில் மாட்டிக்கொள்ள, கதவை ஒட்டிக் குறுக்கே கிடந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த என் கணவர் கதவைத் தள்ளினார். கதவு என் இடுப்பில் இடித்தது.

"தள்ளாதீங்க, வலிக்குது."

"கொஞ்சம் நகரு."

"நகர முடியல."

தள்ளினால் எனக்கு வலி, தள்ளாவிட்டால் அவரால் உள்ளே வர முடியாது. அவர் வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவு இடுக்கில் நான்கு விரல்களை மட்டும் உள்ளே விட்டு, "இருக்கியா? இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வலது குதிகாலைச் சுவரில் ஊன்றி ஊன்றி நான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இடம் விட்ட பிறகுதான் அவரால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே நுழைய முடிந்தது. அவர் முகம் என் முகத்தைவிட வெளுத்திருந்தது.

மணிக்கட்டு முறிந்திருந்தது. இடுப்பில் அடிதான், எலும்புக்கு ஒன்றுமில்லை. டாக்டர் ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். "எழுந்ததும் நடக்காதீங்க, ஒரு நிமிஷம் நின்னுட்டு அப்புறம் காலை எடுத்து வைங்க" என்றார். எனக்கு அத்தனையும் புரிந்தது. ஆனால் அன்றைக்கு உண்மையில் விழுந்தது நான் அல்ல, அவர்தானோ என்று பிறகு பல முறை தோன்றியிருக்கிறது.

என் கணவர் ரயில்வேயில் பெட்டிகளைச் சோதிக்கிற வேலையில் இருந்தவர். வண்டி நின்றதும் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார்களே, அந்த வேலை. தட்டினால் வருகிற சத்தத்தில் விரிசல் தெரிந்துவிடும் என்பார். ஓய்வு பெற்ற பிறகு தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தவருக்கு இப்போது வீடே கிடைத்தது. நானும் தபால் ஆபீஸ் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். உட்கார்ந்தது போதும் என்று, ஓய்வுக்குப் பிறகு நடந்துகொண்டே இருந்தேன். காய்கறிக்கு மார்க்கெட் வரை நடப்பேன். சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறி சாமுண்டி மலையைப் பார்த்தபடி துணி மடிப்பேன். எங்கள் இரண்டு குடும்பமும் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவை. எனக்கு இந்த ஊரில் தெரியாத தெரு கிடையாது.

என் கையில் மாவுக்கட்டு இருந்த நாட்களில் அவர் வீட்டை மாற்றினார். முதலில் குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி ஆனது. தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். சுவரில் எஃகுக் கம்பிகள் வந்தன. ஒவ்வொன்றையும் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். வாசல் மிதியடிகள் எல்லாம் பரணுக்குப் போயின. என் பழைய செருப்பு குப்பைக்குப் போய், அடியில் ரப்பர் பிடிப்புள்ள செருப்பு வந்தது. புடவை தடுக்கும் என்று மகள் நைட்டியாக வாங்கி வந்தாள். படுக்கையறையிலிருந்து குளியலறை வரைக்கும் தரையோடு சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. இதெல்லாம் நல்லதுதான். நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லவும் சொன்னேன்.

கட்டுப் பிரித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை.

மாடிப்படி வேண்டாம் என்றார். பின்கட்டு வேண்டாம், அங்கே கல் பலகையில் பாசி. அடுப்படியில் மேல்தட்டு வேண்டாம், எல்லாம் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. அது போகட்டும். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"ஆச்சா?"

"இப்பத்தானே வந்தேன்."

"சத்தமே காணோமே."

அதனால் சத்தம் போட்டுக்கொண்டே குளிக்கப் பழகினேன். சொம்பை வாளியில் வேண்டுமென்றே இடிப்பேன். தொண்டையைக் கனைப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் தனியாக இருக்க ஒரே ஒரு இடம் இருந்தது, அதுவும் போயிற்று.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தால் பக்கத்து அறையிலிருந்து "ஜோபானா!" என்று குரல் வரும். பார்த்து, பத்திரம் என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்கிற கன்னடச் சொல். நல்ல சொல்தான். நாள் முழுக்க அதையே கேட்டால் கால் எடுத்து வைக்கவே கூச்சமாகிவிடும். நடக்கும்போது என் பாதத்தை நானே பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் நடக்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் நடந்தவள்.

வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணை மகள் ஏற்பாடு செய்திருந்தாள். ஹனூர்ப் பக்கத்தில் கொங்குத் தமிழ் பேசுகிற விவசாயக் குடும்பம், படித்துவிட்டு இங்கே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தாள். "ஏனுங்கம்மா, உக்காந்தே இருந்தா காலு சோம்பேறியாயிருமுங்க. கையை ஊனாம சேர்ல இருந்து எந்திரிங்க பாக்கலாம்" என்பாள். குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு காலில் நிற்பது, குதிகாலும் விரலும் ஒட்டும்படி ஒரே கோட்டில் நடப்பது. அவள் பேச்சைக் கேட்கவே எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் ஒற்றைக் காலில் நிற்கும்போது லேசாகத் தள்ளாடினேன். அவள் பிடித்துக்கொண்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கணவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"விழாம இருக்கறதுக்குப் பயிற்சி செய்யப் போய் விழணுமா?" என்றார் என்னிடம்.

மகளிடம் முறையிட்டேன். மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் வேலை அவளுக்கு. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு திரும்புவாள். ஊரின் இன்னொரு கோடியில் அவள் குடும்பம். "அம்மா, அப்பா சொல்றதுல என்ன தப்பு? சும்னே, வேலையில்லாம எதுக்கு எந்திரிக்கற? மறுபடி விழுந்தா நான் லீவு போட முடியுமா, சொல்லு" என்றாள். அவள் நிலைமை எனக்குத் தெரியும். பால் காய்கிற நேரத்தில் மட்டும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவேன். அவர் காதில் விழாமல் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் அவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது தெருவில் கீரைக்காரி குரல் கேட்டது. நான் படி இறங்கி, கேட் வரை போய், கீரையை வாங்கிக்கொண்டு அவளோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்தார். கேட்டருகே என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். திட்டவில்லை. "உள்ள வா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் முதல் அவர் வெளியே போகும்போது முன்வாசல் கிரில் கேட்டில் பூட்டு விழுந்தது.

"யாராவது உள்ள வந்துடப் போறாங்க. காலம் கெட்டுக் கிடக்குது" என்றார்.

நானும் ஆமாம் என்றேன். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை. கிரில்லுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பேன். தெரிந்தவர்கள் போனால் கையசைப்பேன். சிலர் நின்று "ஆரோக்கியா ஹேகிதே?" என்று விசாரிப்பார்கள். நன்றாக இருக்கிறேன் என்பேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சொல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கும்.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு காலை, லேசான தூறல். பின்கட்டில் பாசி ஏறிவிட்டது, தேய்த்துவிடுகிறேன் என்று கிளம்பினார்.

"மழை விடட்டுமே."

"ஈரத்துலதான் சுலபமா வரும். நீ கீரைய ஆய்ஞ்சு வை."

முன்வாசல் கிரில்லைப் பூட்டினார். பின்கதவு வழியாக வெளியே போய் அதையும் வெளித்தாழ் போட்டார். தாழ் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் தேய்க்கிறதைப் பார்க்க நான் இறங்கி வந்துவிடுவேனாம்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பின்கட்டு முழுக்கத் தெரியும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, நீளப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் செருப்பு எனக்குத்தான் வாங்கினார், அவர் காலில் தேய்ந்துபோன பழைய ஹவாய். கீரையை எடுக்கத் திரும்பினேன். வாளி உருள்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் பக்கவாட்டில் கிடந்தார்.

"என்னங்க!"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். எழுந்திருக்கக் கையை ஊன்றினார். ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. அப்படி ஒரு சத்தத்தை அவரிடம் நான் கேட்டதே இல்லை. மறுபடி படுத்துவிட்டார். வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

பின்கதவைத் தள்ளினேன். அது வெளியே தாழிட்ட கதவு என்பது தள்ளின பிறகுதான் நினைவுக்கு வந்தது. முன்பக்கம் போய் கிரில்லை உலுக்கினேன். பக்கத்து வீட்டில் எல்லோரும் மேல்கோட்டையில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மழைக்குத் தெருவில் ஆளில்லை. போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பக்கச் சந்து வழியாகப் பின்னால் வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். மகளைக் கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப ஜன்னலுக்கு வந்தேன்.

தூறல் மழையாகிவிட்டது. பவுடர் கலந்த வெள்ளைத் தண்ணீர் அவர் முதுகுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு நடுங்கியது.

"ஆம்புலன்ஸ் வருது" என்றேன். "சாவி எங்க?"

"சட்டைப் பையில."

"இந்தப் பக்கம் போடுங்க."

"வேண்டாம். நீ அங்கயே இரு."

"நனையறீங்க. போடுங்க."

"நீ வராதே. வழுக்குது. நீயும் விழுந்தா யாரு பாக்கறது? அவங்க வந்துடுவாங்க, அங்கயே நில்லு."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? கொஞ்ச தூரத்தில் மனிதர் எலும்பு முறிந்து கிடக்கிறார், பையில் சாவி இருக்கிறது, நான் கம்பிக்குள் நிற்கிறேன், இப்போதும் 'அங்கயே நில்லு'.

"இத்தனை நாளா நீங்க சொன்ன இடத்துலதான் நிக்கறேன்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "குளிக்கும்போது சத்தம் போடச் சொன்னீங்க, போட்டேன். மாடிக்குப் போகாதேன்னீங்க, போகல. இப்ப சாவியப் போடுங்க. போடலைன்னா இந்தக் கம்பிய ஒடைச்சுக்கிட்டு வருவேன், அப்ப நிச்சயமா விழுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். மழைத்தண்ணீர் கண்ணில் விழுந்து இமைத்துக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாகப் பைக்குள் கைவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். படுத்தபடியே வீசினார். அது ஜன்னல் வரை வரவில்லை, சுவருக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது.

ஒட்டடைக் கம்பு நினைவுக்கு வந்தது. எடுத்து வந்து, அடிப்பக்கத்தைக் கம்பிக்கு வெளியே நீட்டினேன். ரயில்வேக்காரர் சாவி வளையம், நல்லவேளை, பெரிய வளையம். மூங்கில் நுனி வளையத்துக்குள் நுழைந்தது. தூக்கினேன், நழுவி விழுந்தது. மறுபடி நுழைத்தேன். முறிந்து சேர்ந்த மணிக்கட்டு வலித்தது.

"மெதுவா. நுனிய மேல தூக்கு. அப்படியே சரிச்சு விடு, தானா உன் பக்கம் வரும்" என்று தரையில் கிடந்தபடி அவர் சொன்னார். வண்டியை யார்டுக்குள் வாங்குகிற மாதிரி. வளையம் மூங்கிலில் சறுக்கி என் கைக்கு வந்தது.

கிரில்லுக்குள்ளிருந்து கையை வெளியே வளைத்துப் பூட்டைத் திறந்தேன். கதவு ஒதுங்கியது. படியில் நின்றேன். மழைக்காற்று முகத்தில் அடித்தது. தெரு நனைந்து, முருங்கை மரம் நனைந்து, எல்லாம் அகலமாக இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எதற்காக வெளியே வந்தேன் என்பது என் மனதில் இல்லை. அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

சந்தில் இரண்டு கையையும் சுவரில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஓடத் தோன்றியது, ஓடவில்லை. முன்பக்கத்தில் தேங்காய் போட்டு வைக்கிற கோணிச் சாக்கை உதறித் தோளில் போட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். பாசி தொடங்குகிற இடத்தில் அதை விரித்துப் போட்டு, அதன் மேல் கால் வைத்தேன். அவரைத் தூக்க முயற்சி செய்யவில்லை. தூக்கினால் எலும்பு இன்னும் விலகும் என்று தெரியும், தவிர என்னால் தூக்கவும் முடியாது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவர் முகத்துக்கு மேலே குடையைப் பிடித்தேன்.

"உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டேன்."

"கெட்டியா உக்காரு" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது, "சாக்கு மேல கால் வைங்க" என்று நான்தான் வழி சொன்னேன்.

தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், மகள் காபி வாங்கப் போன சமயத்தில், "அந்தப் பின்கதவுத் தாழ்ப்பாள்..." என்று ஆரம்பித்தார்.

"இப்ப எதுக்கு?"

"கதவுக்கு அந்தப் பக்கம் நீ கிடந்தியே, அன்னிக்கு. உன் சத்தம் நின்னு நின்னு வந்தது. என்னால உள்ள வர முடியல." அவர் மேற்கூரையைப் பார்த்துப் பேசினார். "அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் சரியில்ல."

"தெரியும்" என்றேன். தெரிந்திருந்தது. தெரிந்ததால் கோபம் போய்விடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இன்றைக்கும் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் ஹனூர்ப் பெண்ணை நானே போன் செய்து வரவழைத்தேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள். "அய்யா, அம்மா எந்திரிக்கிறப்ப நீங்களும் எந்திரிக்கோணும், சரிங்களா?" நான் எழுந்தேன். அவர் எழவில்லை. வலியால் அல்ல, வலி குறைந்துவிட்டிருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டிகளுக்கு அடியில் படுத்துத் தவழ்ந்த மனிதர், நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கிற தரைக்குப் பயந்தார். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் அவசரப்படுத்தவில்லை. "நாளைக்குப் பாக்கலாமுங்க" என்று போய்விட்டு மறுநாளும் வந்தாள்.

குளியலறைக்குப் புதுத் தாழ்ப்பாள் வைத்தோம், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி. பின்கட்டுக் கற்களைக் கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள். நான் மறுபடியும் கடைக்கு நடக்க ஆரம்பித்தேன், தெருமுனை வரைக்கும்தான். அதற்கு மேல் போக முடியாது. அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்ற நினைப்பு பாதி வழியிலேயே திருப்பிவிடும். வாசல் திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் என்னால் தூரம் போக முடிவதில்லை. மார்க்கெட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

போன வாரம் அப்படி அவசரமாகத் திரும்பி வந்தபோது அவர் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வாக்கர் கட்டிலருகே இருந்தது. ஒரு கை சுவர்க் கம்பியில், சமையலறையைப் பார்த்தபடி.

"உக்காருங்க!" என்று கத்திவிட்டேன். "யாரு உங்கள எந்திரிக்கச் சொன்னா?"

அவர் உடனே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பையை மேஜையில் வைத்தேன்.

"எதுக்கு எந்திரிச்சீங்க?"

"தண்ணி குடிக்கலாம்னு."

நான் எடுத்து வந்து கொடுத்திருப்பேன். ஆனால் சமையலறையில் டம்ளர் அவர் கைக்கெட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. கட்டிலருகே இருந்த வாக்கரை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"சரி, எந்திரிங்க" என்றேன். "வாக்கரப் பிடிச்சுக்குங்க. ஒரு நிமிஷம் நின்னுட்டு அப்புறம் நடங்க. நான் இங்க நிக்கறேன்."

அவர் எழுந்தார். நின்றார். வாக்கரைத் தள்ளித் தள்ளிச் சமையலறைக்குள் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்த "ஜோபானா"வை விழுங்கிக்கொண்டு நின்றேன். அவர் ஃபில்டரில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். டம்ளரை வைக்கும்போது கை ஆடிக் கொஞ்சம் தரையில் சிந்தியது. இரண்டு பேரும் அந்த ஈரத்தைப் பார்த்தோம்.

"அங்கயே நில்லுங்க" என்றேன். "தொடைச்சிட்டு வந்துடறேன்."

"நான் நிக்கறேன்" என்றார். "நீ பாத்துக் குனி."